நாலாம் சிலிண்டர்

காக்கி புக்கிட்டில் ஐந்தாம் மாடி.
லாரிகள் ஏறும் சரிவில் நடந்தே ஏறி
ஹோக் லாயின் பட்டறைக்குள் நுழைந்தபோது
என் எஞ்சின் அட்டைப்பெட்டி விரித்த மேசைமேல்
இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"நாலாம் நம்பர்" என்றான்.
பிஸ்டனை என் உள்ளங்கையில் வைத்தான்.
வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே
கடித்துத் துப்பிய நகமளவு
ஒரு சில்லு இல்லை.
அவ்வளவுதான்.
அதற்குத்தான் மூன்று மாதமாய் நீலப் புகை,
சிக்னலில் இருமல்,
தெம்பனிஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்த முகங்கள்.

சில்லு எங்கே போனது?
"டர்போ தின்னிருக்கும்"
தே ஓ பையை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்.

வைதேகியிடம் முதலில் சொன்ன தொகை
எட்டாயிரம் வெள்ளி.
பிறகு, திறந்ததுதான் திறந்தாயிற்று,
வார்த்த பிஸ்டன் எதற்கு, அடித்துச் செய்தது போடலாம்.
பிஸ்டன் தாங்கினால் ராடு வளையும், அதையும் மாற்று.
டர்போ எப்படியும் போய்விட்டது,
ஒரு சைஸ் பெரிதாக.
பெரிய மூச்சுக்குப் பெரிய இன்ஜெக்டர்,
அதற்குப் புது பம்ப்,
அதற்கு ஒரு விண்ணப்பப் படிவம், முத்திரை, காத்திருப்பு.
ஒரு பொய் அடுத்த பொய்யைக் கேட்கும் வேகத்தில்
ஒரு பாகம் அடுத்த பாகத்தைக் கேட்டது.
பத்தொன்பதாயிரத்தில்
அவள் தொகை கேட்பதை நிறுத்திவிட்டாள்.
அது மன்னிப்பு இல்லை, எனக்குத் தெரியும்.

வண்டியின் உரிமைச் சான்றிதழில் மிச்சம்
பதினாலு மாதம்.
விரைவுச்சாலையில் தொண்ணூறுக்கு மேல் கேமரா.
கணக்கு எனக்கும் தெரியும்.

பகலில் நான் டயாலிசிஸ் நிலையத்தில் தாதி.
குழாய், அழுத்தம், வடிகட்டி,
வெளியே வந்து சுத்தமாகித் திரும்பும் ரத்தம்.
மாலையில் அதே கைகளைக் கழுவிக்கொண்டு
ஹோக் லாய் பேரிங் அளப்பதைப் பார்க்க உட்காருவேன்.
தண்டின்மேல் மெழுகுநூல் ஒன்றை வைத்து,
மூடி, இறுக்கி, மறுபடி திறந்து,
நசுங்கிய அகலத்துக்கு அருகே அளவுத்தாளைப் பிடிப்பான்.
"நெருக்கமா இருந்தா எரியும்.
தள்ளி இருந்தா தட்டும்.
எண்ணெய்க்கு இடம் விடணும்."
அப்போது வைதேகியை நினைத்தேன் என்று எழுதினால் பொய்.
எந்த எண்ணெய் ஊற்றுவது என்றுதான் நினைத்தேன்.

முதல் முறை பற்றிக்கொண்டபோது
பட்டறையின் தகரக் கதவு அதிர்ந்தது.
பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.
ஹோக் லாய் கையை நீட்டி அணைத்தான்.
"ஆயிரம் கிலோமீட்டர்.
மூவாயிரம் சுற்றுக்கு மேல வேணாம்.
பூஸ்ட் முள் பூச்சியத்தைத் தாண்டக் கூடாது.
அப்புறம் வா, டியூன் பண்ணலாம்."

ஆயிரம் கிலோமீட்டர்!
சாங்கியிலிருந்து துவாஸுக்கு ஒரு நடை போனால்
ஐம்பதுகூடத் தேறாது இந்தத் தீவில்.

இரவு இரவாகப் போனேன்.
முதல் ஐம்பதில் எண்ணெய் வடித்து,
ஃபில்டரை அறுத்து, அதன் மடிப்புகளை
விளக்கடியில் விரித்துப் பார்த்தோம்.
கொஞ்சம் மினுமினுப்பு. பரவாயில்லை என்றான்.
நான் தூங்கவில்லை.

நானூற்றுச் சொச்சத்தில் வைதேகியும் ஏறினாள்,
வீட்டில் ஏசி வேலை செய்யவில்லை என்று சொல்லி.
இடது ஓரத்தில் போனோம்.
ரொட்டி வேன் முந்தியது.
ஆட்கள் ஏற்றிய லாரி முந்தியது, ஒருவர் கையசைத்தார்.
கடைசியில், பின்னால் மீன்தொட்டி கட்டிய ஒரு ஸ்கூட்டர்.
"பத்தொன்பதாயிரம்" என்றாள்.
சிரிப்பு வந்து, சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு,
மூச்சு முட்டச் சிரித்தாள்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றில்,
துவாஸ் பெட்ரோல் நிலையத்தில்
"நகரு" என்றாள்.
நகர்ந்தேன்.

லிம் சூ காங்கின் நேர்ச்சாலை.
இரு பக்கமும் இருட்டு, ஒரு தவளைக் கூட்டம்.
முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பூச்சியத்துக்குக் கீழே, கீழே,
பிறகு ஒரு மயிரிழை மேலே,
எங்கோ ஒரு மெல்லிய ஊதல்.

"ஏய், என்ன சத்தம் அது?"

"எது?" என்றாள்.